மலைத் தண்ணீரில் செம்பு

சித்தப்பாவின் குளத்தில் மீன் செத்த செய்தி என் காதுக்குக் குடும்பச் சண்டையாகத்தான் வந்து சேர்ந்தது.

“உன் மாமன் என் குளத்துல விஷத்தைக் கலக்கிட்டான் தாயி,” என்று போனில் இரைந்தார். “அம்புட்டு மீனும் வயித்தைக் காட்டிட்டு மெதக்குது. நீ தண்ணியப் பத்திப் படிச்சவதானே, வந்து பாரு.”

மாமன் என்று அவர் சொன்னது தன் தங்கையின் கணவரை. இருவருக்கும் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம். ஒரே சரிவில் மாமாவுடையது மேலே, சித்தப்பாவுடையது கீழே, நடுவில் ஒரு கல்கட்டு. சித்தப்பாவின் தோட்டத்து மூலையில் ஒரு குளம் உண்டு. பள்ளம் தோண்டி, தடித்த பிளாஸ்டிக் படுதாவை விரித்து, மழைத்தண்ணீரையும் ஊற்றுத்தண்ணீரையும் தேக்கி வைப்பது. எங்கள் பக்கத்தில் அதைப் படுதாக்குளம் என்பார்கள். கோடையில் ஏலத்துக்கு நனைக்க அந்தத் தண்ணீர்தான். மற்ற நாட்களில் அதில் மீன் வளரும். சித்தப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்ததும் குளத்தங்கரையில் உட்கார்ந்து தவிட்டு உருண்டை போடுவார். மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே வருவதைப் பார்க்காமல் அவருக்குக் காபி இறங்காது.

நான் அப்போது பாலக்காட்டில், மண்ணும் தண்ணீரும் பரிசோதிக்கும் ஒரு கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான். கல்யாணம் செய்து கொடுத்தது கொழிஞ்சாம்பாறைப் பக்கம், விவசாயக் குடும்பத்தில். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே ஒரு நாள் பஸ் பயணம்.

நான் போய்ச் சேர்வதற்குள் சித்தப்பா சும்மா இருக்கவில்லை. மீன் செத்த அன்றே இரண்டு கேனில் தண்ணீர் பிடித்து, ஒன்றைப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார். முடிவும் வந்திருந்தது. என்னைக் கண்டதும் அதைத்தான் நீட்டினார்.

“இதைப் படி. எல்லாம் பரிதிக்குள்ளதான் இருக்காம்.”

பரிதி என்பது மலையாளம். மலையாளம் நடக்கும் எங்கள் அலுவலகங்களில் புழங்கிப் புழங்கி எங்கள் வாயிலும் ஒட்டிக்கொண்ட சொல். வரம்பு என்று பொருள். ஈயம், துத்தநாகம், செம்பு என்று வரிசையாக எழுதி, எல்லாவற்றுக்கும் எதிரே வரம்புக்குள் என்று போட்டிருந்தது. செம்பு மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. ஆனாலும் வரம்பை எட்டவில்லை.

“சரியாத்தானே இருக்கு சித்தப்பா,” என்றேன்.

“சரியா இருந்தா மீனு எதுக்குச் செத்துச்சு?”

இத்தனை வருடமாக இதே போன்ற தாள்களைத் தயாரிப்பதுதான் என் வேலை. கருவியின் முன்னால் உட்கார்ந்து, திரையில் வரும் எண்ணைப் படித்து, பக்கத்தில் இருக்கும் வரம்போடு ஒப்பிட்டு, உள்ளே அல்லது வெளியே என்று எழுதுவேன். அந்த வரம்பை யார் போட்டார்கள், யாருக்காகப் போட்டார்கள் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. அன்று தாளைத் திருப்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். அது குடிநீருக்கான வரம்பு. மனிதர் குடித்தால் கெடுதல் இல்லை என்பதற்கு மேல் அந்தத் தாள் எதையும் சொல்லவில்லை. மீன் தண்ணீரைக் குடிப்பதோடு நிற்பதில்லை. அது அதற்குள்ளேயே மூச்சு விடுகிறது.

“இது நம்ம குடிக்கறதுக்கான கணக்கு. மீனுக்கு வேற கணக்கு இருக்கும்.”

“அப்ப மீனுக்கு எம்புட்டு?”

“தெரியாது. பார்க்கணும்.”

“பாத்துச் சொல்லு. அது வரைக்கும் அவன் மொகத்துல நான் முழிக்கிறதா இல்ல,” என்று கல்கட்டுக்கு அந்தப்பக்கம் கையைக் காட்டினார்.

மாமாவையும் போய்ப் பார்த்தேன். மனிதர் நொந்துபோயிருந்தார். “வருசா வருசம் மழைக்கு முன்னால துரிசு அடிக்கேன். அவரும்தான் அடிக்காரு. இந்த வருசமும் அதையேதான் அடிச்சேன். நானாம்மா மீனுக்கு விஷம் வைப்பேன்? அந்த மீனத் தின்னு வளந்தவதானே எம் மக?”

துரிசு என்பது மயில்துத்தம். செம்பு உப்பு. நீல நிறத்தில் கல்கண்டு போல் இருக்கும். அதைச் சுண்ணாம்போடு கரைத்து ஏலச்செடிக்கு அடித்தால் மழைக்காலத்து அழுகல் நோய் அண்டாது. எங்கள் மலையில் தலைமுறை தலைமுறையாக அடிக்கிறார்கள். அது செடியிலிருந்து மண்ணுக்கு வரும், மழையில் மண்ணிலிருந்து கீழே ஓடும். அப்படியானால் குளத்துக்குச் செம்பு எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் இல்லை. வருடா வருடம் வந்ததுதானே? இந்த வருடம் மட்டும் மீன் ஏன் சாக வேண்டும்? திரும்பி வரும் வழியெல்லாம் இந்தக் கேள்வி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது. மடியில் சித்தப்பாவின் இரண்டாவது கேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கூடத்தில் ஒரு புது வேலை தொடங்கியிருந்தது. மலைநாட்டு மண்ணுக்கும் தண்ணீருக்கும் உலோகங்களின் பாதுகாப்பான அளவு என்ன என்று கண்டுபிடித்து வரம்புகளைப் பரிந்துரைக்கும் வேலை. அதை நடத்தியவர் உயிரியல் படித்த ஒரு மேடம். ஒற்றப்பாலத்துக்காரர், எங்களிடம் மலையாளம் கலந்த தமிழில்தான் பேசுவார். கேனை அவர் மேசைமேல் வைத்துக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு என்னையே தன் வேலைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“எண்ணைப் படிச்சது போதும். கொஞ்ச நாள் உயிரைப் படிங்க,” என்றார்.

முதலில் பக்கத்துப் பிரிவில் அந்தத் தண்ணீரில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னோம். சொல்லும்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. மிஞ்சியது செம்புதான்.

படிக்க வேண்டிய உயிர் என்று மேடம் எனக்குக் காட்டியது நீர்த்தெள்ளு. கடுகைவிடச் சின்னது. கண்ணாடிக் குவளையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி நீந்துவது தெரியும். லென்ஸில் பார்த்தால் உடம்பு முழுக்கக் கண்ணாடி போல. உள்ளே இதயம் துடிப்பதைக் காணலாம், முதுகுப் பையில் குஞ்சுகள் உருள்வதைக் காணலாம். ஆண் துணை இல்லாமலேயே தாய் மகள்களைப் பெறும், மகள்கள் பேத்திகளைப் பெறும். தண்ணீர் கெட்டால் முதலில் தெரிந்துகொள்கிற உயிர்களில் இதுவும் ஒன்று.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் அதில் வளர்க்க முடியாது. அதனால் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோனேன். என் மாமியாருக்கு இது பெரிய வேடிக்கை.

“ஏன் அம்மிணி, பூச்சி வளத்தறதுக்கா சம்பளம் தர்றாங்க?”

“ஆமாங்க அத்தை.”

“அதுக்கு நம்மூட்டுத் தண்ணிதானா கெடச்சுது? இதுல பருப்பே வேகமாட்டீங்குது.”

அது உண்மை. கொழிஞ்சாம்பாறைத் தண்ணீர் கடினத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பானையின் உள்ளே வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். கல்யாணமான புதிதில் என் தலைமுடி துடைப்பம் மாதிரி ஆகிவிட்டது. மாமியார் ஒருமுறை வண்டன்மேட்டுக்கு வந்தபோது கதை தலைகீழ். “எத்தன சொம்பு ஊத்துனாலும் சோப்புப் போகவே மாட்டீங்குதே, வழுவழுன்னே இருக்குது” என்று குளியலறையிலிருந்து சத்தம் போட்டார். மலைத் தண்ணீர் மழையும் பாறையுமாக வருவது. அதில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. செம்போடு இதற்கு என்ன சம்பந்தம் என்பதுதான் தோன்றவில்லை.

சோதனையைத் தொடங்கினேன். செம்பு கலக்காத மலைத் தண்ணீரும் வேண்டும் என்பதால், தோட்டங்களுக்கு மேலே காட்டோரத்து ஊற்றிலிருந்து பிடித்து அனுப்பும்படி மாமாவிடம் சொன்னேன். சித்தப்பாவின் குளத்தில் இருந்த அதே அளவுக்கு ஊற்றுத் தண்ணீரிலும் எங்கள் கிணற்றுத் தண்ணீரிலும் செம்பைச் சேர்த்து, இரண்டிலும் தெள்ளுகளை விட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க, செம்பு போடாத குவளை ஒவ்வொன்றும் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாள் காலை வந்து செம்பு போட்டவற்றைப் பார்த்தால் கிணற்றுத் தண்ணீரில் எல்லாம் துள்ளிக்கொண்டிருந்தன. மலைத் தண்ணீரில் எல்லாம் அடியில் கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மேடத்தின் அறைக்கு ஓடினேன். “ஒரே அளவு செம்பு மேடம்! ஒரு தண்ணில கொல்லுது, இன்னொண்ணுல ஒண்ணும் செய்யல!”

அவர் எழுந்து வரவில்லை. “செம்பு போடாத மலைத் தண்ணில இருக்கறதுங்க எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் குவளையை நான் இன்னும் பார்க்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தேன். அதிலும் பாதிக்கு மேல் செத்திருந்தன.

என் முதல் சோதனை அத்தோடு செல்லாக்காசாகிவிட்டது. கடினத் தண்ணீரில் பிறந்து வளர்ந்த உயிரைத் திடீரென்று மென்மையான தண்ணீரில் தூக்கிப் போட்டால், செம்பு இல்லாவிட்டாலும் அதற்குத் தாங்காது. உடம்பின் ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அங்கே இல்லை. எது செம்பால் செத்தது, எது ஊர் மாறியதால் செத்தது என்று எப்படிச் சொல்வது?

மேடம் வழி சொன்னார். கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சமாக மலைத் தண்ணீரைக் கலந்து, அதில் பிறக்கும் குஞ்சுகளை எடுத்து இன்னும் கொஞ்சம் மலைத் தண்ணீர் கூடிய குவளைக்கு மாற்றி, அப்படியே தலைமுறை தலைமுறையாக இறக்கிக்கொண்டு போக வேண்டும். வாரக்கணக்கில் அதுதான் என் வேலை. சில குவளைகளில் எல்லாமே செத்துவிடும், மீண்டும் முந்தைய தலைமுறையிலிருந்து தொடங்குவேன். வீட்டில் குழம்பு கிளறும்போதுகூட நினைப்பு குவளையில்தான். என் கணவர், “ஞாயித்துக்கெழமையுமா பூச்சிக்குச் சோறு போடப் போறே?” என்பார். போவேன். போகாமல் இருக்க முடியவில்லை. கருவிமுன் உட்கார்ந்திருந்த காலத்தில் எனக்கு இந்தப் பரபரப்பு இருந்ததே இல்லை. எண் தானாக வரும், நான் எழுதுவேன். இங்கே காலையில் மூடியைத் திறக்கும்வரை என்ன நடந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஒருவழியாக, முழுக்க மலைத் தண்ணீரிலேயே பிறந்து, அதிலேயே தன் பிள்ளைகளைப் பெற்ற ஒரு கூட்டம் உருவானது. அதை வைத்து மறுபடி சோதனை. இம்முறை செம்பு போடாத குவளையைத்தான் முதலில் பார்த்தேன். எல்லாம் உயிரோடு இருந்தன. செம்பு போட்ட குவளையில் எல்லாம் செத்திருந்தன. கிணற்றுத் தண்ணீரில் அதே செம்பு, அதே அளவு, ஒன்றும் ஆகவில்லை. ஒரு முறைக்கு நாலு முறை செய்து பார்த்தேன். மாறவில்லை.

மேடம் அன்று எழுந்து வந்து, லென்ஸை வாங்கி நெடுநேரம் பார்த்தார். “புத்தகத்தில் படிச்சதுதான். வெளிநாட்டில் தண்ணியோட கடினத்தைப் பார்த்துத்தான் வரம்பு போடறாங்க. ஆனா நம்ம மலையில் இது எவ்வளவு தூரம் போகும்னு யாருமே பார்த்திருக்க மாட்டாங்க,” என்றார்.

ஆனாலும் சித்தப்பாவின் கேள்வி முழுதாகத் தீரவில்லை. மலைத் தண்ணீர் போன வருடமும் மலைத் தண்ணீர்தானே? அவருக்குப் போன் போட்டேன்.

“சித்தப்பா, இந்த வருசம் குளத்துல ஏதாச்சும் மாத்துனீங்களா?”

“ஒண்ணும் மாத்தல. படுதா கிழிஞ்சு ஒழுகுச்சுன்னு புதுசு போட்டேன். அடியில கெடந்த சேறு, அழுகுன எலை எல்லாத்தையும் வாரி வெளிய கொட்டிட்டு, பளிங்கு மாதிரி ஆக்கினேன். அம்புட்டுச் சுத்தமாப் பாத்துக்கிட்டேன் தாயி!”

மேடத்திடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். அழுகிய இலையின் சாறு செம்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். டீத்தண்ணீர் நிறத்தில் இருக்கும் ஓடைத்தண்ணீரில் செம்பு இருந்தாலும் அதன் கைகள் கட்டப்பட்டிருக்கும். பழைய குளத்துச் சேறு இத்தனை வருடமாக மீன்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. சித்தப்பா அன்போடு சுத்தம் செய்ததுதான் வினை.

இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. குவளையில் காட்ட வேண்டும் என்று தோன்றியது. மலைத் தண்ணீர்க் கூட்டத்தில் கொஞ்சத்தை ஒரு புட்டியில் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி, கம்பம்மெட்டு ஏறியதும் சோதனைச்சாவடி. வண்டிக்குள் ஏறிய காவலர் என் மடியிலிருந்த புட்டியைப் பார்த்தார்.

“இது எந்தா?”

“தண்ணி சார்.”

“தண்ணியா?” என்று வாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “இதில எந்தோ சாடுன்னுண்டல்லோ!” ஏதோ துள்ளுகிறதே என்று அவர் சொன்னதும் பஸ்ஸில் பாதிப் பேர் எட்டிப் பார்த்தார்கள். நான் விளக்கத் தொடங்கினேன். அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்த பிறகுதான் புட்டி என் கைக்குத் திரும்பி வந்தது.

சித்தப்பா வீட்டு அடுக்களை மேசையில் மூன்று கண்ணாடி டம்ளர்களை வைத்தேன். ஒன்றில் ஊற்றுத் தண்ணீர். இரண்டாவதில் இப்போதைய குளத்துத் தண்ணீர். சித்தப்பா வாரிக் கொட்டிய சேற்றுக் குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்துக் குளத்துத் தண்ணீரில் ஊறவைத்து, தெளியவிட்டு வடிகட்டி மூன்றாவதில் ஊற்றினேன். மூன்றிலும் தெள்ளுகளை விட்டேன். சித்தி தலையில் அடித்துக்கொண்டார். “அந்த டம்ளர்ல இனி நான் யாருக்குக் காபி குடுக்க?”

“நாளைக்குத்தான் தெரியும். மாமாவையும் கூப்பிடுங்க,” என்றேன்.

“அவன் எதுக்கு?”

“அவரும் பாக்கணும். இல்லன்னா நான் சொல்லமாட்டேன்.”

மறுநாள் காலை மாமா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரலாமா என்பது போல நின்றார். சித்தப்பா வா என்று சொல்லவில்லை, ஆனால் நாற்காலியை நகர்த்திப் போட்டார். லென்ஸை முதலில் சித்தப்பாவிடம் கொடுத்தேன். முதல் டம்ளரில் துள்ளல். இரண்டாவதில் அடியில் கிடந்தன, ஒன்றிரண்டு மட்டும் துடித்துக்கொண்டிருந்தன. மூன்றாவதில், அந்தப் பழுப்புத் தண்ணீரில், பெரும்பாலானவை நீந்திக்கொண்டிருந்தன.

சித்தப்பா மூன்றாவது டம்ளரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நான் வாரிக் கொட்டுன சேறா இது?”

“ஆமா.”

“சுத்தம் பண்ணதா தப்பு?”

“தப்புன்னு யாருக்குத் தெரியும் சித்தப்பா? எனக்கே தெரியாது.”

மாமாவும் பார்த்தார். பார்த்துவிட்டு, “அது என்னம்மா, உங்க மாமியார் ஊட்டுத் தண்ணில மட்டும் ஒண்ணும் ஆகலன்னு சொன்னியே, எப்படி?” என்று கேட்டார்.

“கம்பத்துல பஸ்ஸு வந்து நின்னதும் சன்னல் வழியாத் துண்டு போட்டு சீட்டு பிடிப்பாங்கல்ல? மீனோட செவுள்லயும் அப்படிச் சீட்டு இருக்கு. கடினத் தண்ணில சுண்ணாம்புச் சத்து மொதல்லயே ஏறி எல்லாச் சீட்டுலயும் உக்காந்துக்கும். செம்பு வந்தா எடம் கெடைக்காது, நின்னுட்டே போயிரும். நம்ம மலைத் தண்ணில வண்டி காலி. செம்பு வந்து சாவகாசமா உக்காந்துக்கும். எறங்கவும் எறங்காது.”

மாமா தலையாட்டினார். பிறகு அவர் கேட்டது என்னைத் திணறடித்தது. “துரிசுல நாம சுண்ணாம்பு கலக்குறோமே. அந்தச் சுண்ணாம்பும் கூடத்தானே ஓடிவரும்? அது சீட்டு பிடிக்காதா?”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மேடத்திடம் கேட்டபோது அவரும் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார். அந்தச் சுண்ணாம்பு செம்பை இலையில் ஒட்டவைக்க மட்டும் போதுமானது. புளிப்பான மலை மண்ணில் அது சீக்கிரம் கரைந்து தீர்ந்துபோகும், செம்பு மட்டும் தங்கிவிடும். குளத்துத் தண்ணீரை மாற்றுகிற அளவுக்கு அது வந்துசேராது. “ஆனா நல்ல கேள்வி. அளந்து பார்க்கணும்,” என்று சொல்லி அதையும் எங்கள் வேலையில் சேர்த்துக்கொண்டார்.

அன்று அடுக்களையில் கடைசியாகச் சித்தப்பாதான் வாயைத் திறந்தார். “அப்ப இந்தச் செம்பு யாருது? இவனுதா, என்னுதா?”

“பிரிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டு பேரோடதும் இருக்கும். தாத்தா அடிச்சதும் மண்ணுல இருக்கும். செம்பு எங்கயும் போகாது.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சித்தி காபி கொண்டுவந்தார், எவர்சில்வர் டம்ளரில். மாமா குடித்தார். அது போதும் என்று எனக்குப் பட்டது.

தண்ணீருக்குப் பிறகு மண். மேடம் என்னை மண்புழுவுக்கு மாற்றினார். ஒரு பெட்டியின் நடுவில் அட்டையை நிறுத்தி, ஒரு பக்கம் காட்டு மண்ணும் மறுபக்கம் அதே காட்டு மண்ணில் செம்பு கலந்தும் நிரப்பி, அட்டையை உருவிவிட்டு நடுக்கோட்டில் புழுக்களை விடுவோம். எந்தப் பக்கம் போகின்றன என்று பார்ப்போம். சாவதற்கு வெகு முன்னாலேயே அவை முடிவெடுத்துவிடுகின்றன. செம்பு கொஞ்சம் கூடினால் போதும், ஒட்டுமொத்தமாகக் குடிபெயர்ந்துவிடும். அதே செம்பை எங்கள் கொழிஞ்சாம்பாறைக் கரிசல் மண்ணில் கலந்து வைத்தால் அவற்றுக்குக் கவலையே இல்லை, இரண்டு பக்கமும் திரிந்தன. பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும், இந்தப் புழுவுக்கு என் கருவியைவிட நல்ல கேள்வி தெரியும். எவ்வளவு செம்பு என்று என் கருவி கேட்கும். புழு கேட்பது, அதில் எவ்வளவு என் மேல் ஒட்டும் என்பது.

இந்த முடிவுகளையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் நடந்தது. மீன் துறை ஆட்கள், மண் ஆட்கள், ஏல விவசாயிகளின் பிரதிநிதிகள், எங்களைப் போன்ற பரிசோதனைக்காரர்கள். மேடம் விளக்கினார். தெள்ளு, பாசி, மீன்குஞ்சு, நத்தை என்று பல உயிர்களும் எந்த அளவில் பாதிக்கப்படுகின்றன என்று வரிசைப்படுத்துவது. நூறு வகை உயிர் இருந்தால் தொண்ணூற்றைந்து வகைக்காவது கெடுதல் வராத இடத்தில் கோடு போடுவது. உலகத்தில் பல இடங்களிலும் இப்படித்தான் செய்கிறார்கள்.

கூட்டத்தில் வயதான ஒரு விவசாயி எழுந்தார். மலையாளத்தில் கேட்டார். “துரிசு அடிக்காவிட்டால் ஏலம் அழுகிப்போகும். எங்களையும் அந்த நூறில் ஓர் உயிராக எண்ணினீர்களா?”

அறையில் சிலர் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. “எண்ணவில்லை. இது தண்ணீரில் வாழ்கிறவற்றின் கணக்கு மட்டும்தான். உங்கள் கணக்கை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் முடிவெடுக்க முடியும்,” என்றார்.

அவர் விடவில்லை. “மீதி ஐந்து எது?”

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஐந்துக்கு ஆளில்லை. அது எந்த உயிர் என்று யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, கணக்கில் அப்படி வந்து விழுகிறது. அதை எழுந்து நின்று சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. “நாங்க சோதிச்சுப் பார்த்ததுல செம்பைக் கொஞ்சமும் தாங்காதது எதுவோ அது. நாங்க சோதிக்காத உயிர்களும் அதுல இருக்கலாம்.”

அவர் உட்கார்ந்தார். திருப்தியானாரா என்று தெரியவில்லை. எனக்குத் திருப்தியில்லை.

ஒரே எண்ணை எல்லாத் தண்ணீருக்கும் போடக் கூடாது, தண்ணீரின் கடினத்தையும் மண்ணின் புளிப்பையும் பார்த்து வரம்பு மாற வேண்டும் என்ற அளவில் அன்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். இதைப் பரிந்துரையாக எழுதி மேலே அனுப்பினோம். அது இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. இதற்கிடையில் ஏல விவசாயிகளில் சிலர் துரிசின் அளவைக் குறைத்துப் பார்க்க ஒத்துக்கொண்டு தங்கள் தோட்டத்தில் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்திருக்கிறார்கள். மாமாவும் அவர்களில் ஒருவர்.

சித்தப்பா தன் குளத்துக்குத் திரும்பவும் மீன் விட்டார். விடுவதற்கு முன் கொஞ்சம் சேற்றை அள்ளிப் போட்டார். அதைவிட முக்கியமாக, மாமாவின் தோட்டத்திலிருந்து முதல் மழையில் அடித்துவரும் தண்ணீர் குளத்துக்குள் இறங்காமல் ஒதுங்கிப் போக ஒரு சால் வெட்டினார்கள். கல்கட்டில் ஒரு இடத்தைப் பிரிக்க வேண்டியிருந்தது. இருவரும் சேர்ந்துதான் பிரித்தார்கள் என்று சித்தி சொன்னார். அந்த மழைக்கு மீன்கள் சாகவில்லை. ஒரு மழையை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று நான் எச்சரித்தேன். “நீ சொல்லாட்டிப் போ, மீனு சொல்லுது” என்றார் சித்தப்பா.

ஒதுக்கிவிட்ட தண்ணீர் எங்கே போகிறது என்று போன மாதம் அந்தச் சாலின் ஓரமாகவே கீழே நடந்தேன். அது ஓடையில் போய்ச் சேர்கிறது. அங்கே ஒரு பாறையின் அடியில், நகத்தளவுகூட இல்லாத கறுப்பு நத்தைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்படியொரு நத்தையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மேடத்துக்குப் படம் அனுப்பினேன். அவருக்கும் இன்னது என்று தெரியவில்லை. எங்கள் வரிசையில் இது இல்லை. இது எவ்வளவு செம்பைத் தாங்கும் என்று எங்கேயும் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

கொஞ்சத்தை ஓடைத் தண்ணீரோடு எடுத்து வந்திருக்கிறேன். இப்போது கூடத்தில் ஒரு பீங்கான் தட்டில் இருக்கின்றன. என்ன தின்னும் என்றுகூட எனக்கு இன்னும் தெரியாது. பாசி படிந்த ஒரு கல்லை உள்ளே வைத்திருக்கிறேன். நேற்று அதில் ஒன்று கல்லின் மேல் ஏறியிருந்தது.